பூபாளமா, பௌளியா? நெருங்கிய இராகங்கள் எங்கே பிரிகின்றன

மார்கழி வந்தால் திருகோணமலையில் ஒரு பழைய விவாதம் திரும்பக் கிளம்பும். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட நாதஸ்வரம் பூபாளமா, பௌளியா? கோணேசர் பதிகத்தைப் பிள்ளை பாடியது சரியான இராகத்தில்தானா? பண்ணிசைப் போட்டி, தமிழ்மொழித்தினப் போட்டி என்று வந்துவிட்டால் இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை. புள்ளி குறைந்த பிள்ளையின் பெற்றோர் கைபேசியில் ஆரோகண அவரோகணத்தை (இராகத்தின் சுரங்கள் ஏறி இறங்கும் வரிசையை) தேடி எடுத்து, "இரண்டும் ஒன்றுதானே, பிறகென்ன?" என்று நடுவரிடம் காட்டுகிறார்கள்.

சில இராகங்களைப் பொறுத்தவரை அந்தத் திரை சொல்வது உண்மைதான். ஆரோகண அவரோகணம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும் இரண்டு தனி இராகங்கள் உண்டு. வேறு சில இராகங்கள் ஒரேயொரு சுரத்தில் பிரியும். இன்னும் சில, சுரங்கள் ஒன்றாக இருந்தும் ஏறும் வழியில் பிரியும். எந்த இரண்டு இராகங்கள் எந்த இடத்தில் பிரிகின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளாமல் காதைத் தீட்டிப் பயனில்லை. சுரத்தில் பிரியும் இராகங்களில் கமகத்தை, அதாவது சுரத்தை அசைக்கும் விதத்தை, தேடுவதும், கமகத்தில் பிரியும் இராகங்களில் சுரத்தைத் தேடுவதும்தான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம்.

பன்னிரண்டு இடம், பதினாறு பெயர்

ஸ (ஸட்ஜமம்), ரி (ரிஷபம்), க (காந்தாரம்), ம (மத்திமம்), ப (பஞ்சமம்), த (தைவதம்), நி (நிஷாதம்) என்ற ஏழில் ஸட்ஜமமும் பஞ்சமமும் அசையாதவை. மற்ற ஐந்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகள் உண்டு. மத்திமத்துக்கு இரண்டு, ரி, க, த, நி ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று. இந்த நான்கிலும் சுத்தம்தான் மிகத் தாழ்ந்தது; ரி, த இரண்டிலும் அதற்கு மேலே சதுச்ருதி, காந்தாரத்தில் சாதாரணத்துக்கு மேலே அந்தரம், நிஷாதத்தில் கைசிகிக்கு மேலே காகலி. எல்லாம் சேர்ந்து 16 பெயர்கள். ஆனால் ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வருமுன்) 12 கட்டைகள்தான் இருக்கின்றன. நான்கு இடங்களுக்கு இரட்டைப் பெயர் இருப்பதால் இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. சதுச்ருதி ரிஷபம் இருக்கும் இடமே சுத்த காந்தாரத்தின் இடம். சதுச்ருதி தைவதம் இருக்கும் இடமே சுத்த நிஷாதத்தின் இடம். மற்ற இரண்டும் அப்படியே.

17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி தம்முடைய சதுர்தண்டிப் பிரகாசிகையில் வகுத்த 72 மேளகர்த்தா முறை, இந்தச் சுர வகைகள் ஏழேழாகச் சேரக்கூடிய எல்லா விதங்களையும் அடுக்கிவைத்த ஒரு கணக்கு. ஒவ்வொரு மேளத்தின் கீழும் அதிலிருந்து பிறந்தவையாக ஜன்னிய இராகங்களைச் சேர்த்துப் படிக்கிறோம். இராகங்களில் பெரும்பாலானவை இந்த அட்டவணைக்கு முன்பே பாட்டில் இருந்தவை. அவற்றை வரிசைப்படுத்தப் பின்னால் வந்ததுதான் அட்டவணை. அதைப் பார்த்து இராகத்தை அடையாளம் காண முயன்றால் பாதி வழியில் நின்றுவிட வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

கோணேசர் பதிகத்தின் பண்

திருஞானசம்பந்தர் திருக்கோணமலையைப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் 123ஆவது. "நிரைகழல் அரவம்" என்று தொடங்கி, "கோணமாமலை அமர்ந்தாரே" என்று, கடைசிப் பாட்டைத் தவிர, ஒவ்வொரு பாட்டும் முடியும். இதன் பண் (பழந்தமிழ் இசையில் இராகத்துக்கு நிகரானது) புறநீர்மை. இன்றைய இராக முறையில் அந்தப் பண்ணைப் பூபாளத்தில் பாடும் மரபும் இருக்கிறது, ஸ்ரீகண்டி என்று சொல்லும் மரபும் இருக்கிறது. ஆக, பண்ணின் பெயர் ஏட்டில் உறுதியாக நிற்கிறது. அதற்கு நிகரான இராகம் பாடம் சொல்லிக்கொடுத்த வழியைப் பொறுத்து மாறுகிறது. ஒருவர் பூபாளத்தில் பாடினார், இன்னொருவர் அப்படிப் பாடவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் பிழை சொல்ல முடியாது. ஒரு இராகத்தில் தொடங்கிவிட்டு இடையில் தெரியாமல் இன்னொன்றுக்குள் வழுக்கி விழுவதுதான் பிழை. பூபாளத்தில் அது வெகு சுலபமாக நடக்கும்.

இராகங்கள் பிரியும் நான்கு இடங்கள்

1. சுரமே வேறு

பூபாளம்: ஸ ரி க ப த ஸ, இறங்கும்போதும் அதே ஐந்து. ரிஷபமும் தைவதமும் சுத்தம், காந்தாரம் சாதாரணம். தோடியின் மேளமான எட்டாவது மேளத்தில் சேரும்.

ரேவகுப்தி: அதே ஸ ரி க ப த ஸ. ரிஷபமும் தைவதமும் அப்படியே. காந்தாரம் மட்டும் அந்தரம். 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையைச் சேர்ந்தது.

பௌளி: ஏறும்போது ரேவகுப்தி போலவே. இறங்கும்போது ஸ நி த ப க ரி ஸ என்று காகலி நிஷாதம் ஒன்று கூடுதலாக வரும். இதுவும் 15ஆவது மேளம்.

ஏறும் வழியில் பூபாளத்துக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காந்தாரம் மட்டுமே. ஒரு கட்டைச் சுருதியில், அதாவது ஆர்மோனியத்தின் C கட்டையை ஸ ஆக வைத்து, பாடினால் பூபாளத்தின் காந்தாரம் இரண்டரைக் கட்டையான கறுப்புக் கட்டையில் விழும். பௌளியின் காந்தாரம் அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டையான மூன்றில் விழும். எண்ணில் சொல்வதானால், கணக்குக்கு வசதியாக ஸட்ஜமம் 240 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் சாதாரண காந்தாரம் ஏறத்தாழ 288, அந்தர காந்தாரம் 300. பிள்ளைகள் கொஞ்சம் உற்சாகமாகப் பாடினாலே 288 மேலே ஏறிவிடும். மாயாமாளவகௌளையில்தான் எல்லோரும் சங்கீதம் படிக்கத் தொடங்குகிறோம் என்பதால், சுத்த ரிஷபத்துக்குப் பிறகு அந்தர காந்தாரத்தைப் பிடிப்பது தொண்டைக்குப் பழகிப்போன காரியம். அதனால் பூபாளம் பௌளியாவது அடிக்கடி நடக்கும், பௌளி பூபாளமாவது அபூர்வம்.

பௌளிக்கும் ரேவகுப்திக்கும் இடையில் நிலைமை இன்னும் சிக்கல். பாடுபவர் மேல் ஸட்ஜமத்திலிருந்து நிஷாதத்தைத் தொட்டு இறங்கும்வரை சுரங்களை மட்டும் கேட்டு எதுவென்று சொல்லவே முடியாது. முதல் அடியிலேயே "இது பௌளி" என்று அடித்துச் சொல்பவர் ஒன்றில் அந்தப் பாட்டை முன்பே அறிந்தவர், அல்லது ஊகிக்கிறார்.

ஆபோகி, ஸ்ரீரஞ்சனி இரண்டும் இதே வகைதான். இரண்டிலும் பஞ்சமம் இல்லை. ஸ்ரீரஞ்சனியில் கைசிகி நிஷாதம் உண்டு, ஆபோகியில் இல்லை. அவ்வளவுதான்.

2. பாதை வேறு

சுரங்கள் ஒன்றாக இருக்கும்; ஆனால் எதை விட்டு ஏறுவது, எங்கே வளைந்து போவது என்பது மாறும். பைரவியும் முகாரியும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டிலுமே சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று இரண்டு தைவதங்களும் உண்டு. ஏறும் சஞ்சாரத்தில் (சுரங்கள் நகரும் போக்கில்) முதலாவது, இறங்கும்போது இரண்டாவது. அவரோகணம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஸ நி த ப ம க ரி ஸ.

ஏறும்போது பைரவி ரி க ம ப என்று காந்தாரத்தின் வழியே போகும். முகாரி காந்தாரத்தை விட்டு ரி ம ப என்று தாவும். மேலே போனபின் பைரவி த நி ஸ என்று நேரே ஏற, முகாரி நி த ஸ என்று ஒருமுறை திரும்பி ஏறும். இப்படி வளைந்து போவதைத்தான் வக்கிரம் என்கிறார்கள். "ரி ம ப", "நி த ஸ" என்ற இரண்டு சொற்கட்டுகளும் காதில் விழுந்தால் முகாரி என்று துணிந்து சொல்லலாம்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. முகாரி என்றாலே அழுகை என்று நம் பேச்சில் ஊறிவிட்டது. ஓயாமல் குறை சொல்பவரை "முகாரி பாடாதே" என்று அடக்குகிறோம். அதனால் சோகமாக ஒலிப்பதையெல்லாம் முகாரி என்று நினைப்பவர்கள் உண்டு. சபரியின் பாக்கியத்தை எப்படி வருணிப்பேன் என்று தியாகராஜர் வியந்து பாடும் கீர்த்தனையும் முகாரிதான். உணர்ச்சியை வைத்து இராகம் சொல்லப் போனால் அந்தப் பாட்டில் தவறுவது நிச்சயம்.

மஞ்சி என்று ஒரு இராகம் பைரவிக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சுரங்களால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மஞ்சி நிதானமாக, சுரத்தோடு சுரம் ஒட்டி நகரும். கச்சேரி செய்பவர்களே கவனமாகக் கையாளும் இடம் அது. ஆரம்ப மாணவர்கள் அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

3. வெளியிலிருந்து வரும் சுரம்

தாய் மேளத்தில் இல்லாத ஒரு சுரத்தை இராகம் குறிப்பிட்ட இடத்தில் எடுத்துக்கொண்டால் அதற்குப் பாஷாங்கம் என்று பெயர். பைரவியின் சதுச்ருதி தைவதமும் அப்படி வந்ததுதான். இன்னொரு தெளிவான உதாரணம் காம்போதி. அது ஹரிகாம்போதி மேளத்தில் பிறந்தது, நிஷாதம் கைசிகி. ஆனால் "ஸ நி ப த ஸ" என்ற ஒரு பிரயோகத்தில் மட்டும் காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும். நாதஸ்வரத்தில் காம்போதி ஆலாபனை கேட்கும்போது இந்தப் பிடி வந்த கணத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டு எதுகுலகாம்போதியில் ஏறும்போது காந்தாரம் இல்லை: ஸ ரி ம ப த ஸ. ஆகவே ஸ ரி க ம என்று நேரே ஏறிவிட்டால் எதுகுலகாம்போதியை உடனே விட்டுவிடலாம்.

4. நடத்தை வேறு

கைபேசியில் தேடியவரைக் குழப்பும் இராகங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஆரபியும் தேவகாந்தாரியும் 29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஜன்னியங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ. இரண்டுக்கும் அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. சுர வகையில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை. பிறகு எப்படி இரண்டு இராகம்?

காந்தாரத்தை மட்டும் கவனியுங்கள். ஆரபியில் அது தனித்து நிற்காது. மத்திமத்திலிருந்து இறங்கும் அவசரத்தில் மத்திமத்தோடு ஒட்டி ஒரு கீற்றாக வந்து ரிஷபத்தில் விழும். நிஷாதமும் அப்படியே மேல் ஸட்ஜமத்தின் நிழலில் வந்து போகும். இந்த இரண்டிலும் ஆரபி கார்வை கொடுக்காது. அதாவது நீட்டி நிற்காது. ரிஷபம், மத்திமம், பஞ்சமம், தைவதம் ஆகியவற்றில் அழுத்தி, "ரிரி மம பப" என்று இரட்டைச் சுரங்களாகத் துள்ளிப் போகும். தானம் என்ற தாளமில்லாத லய நடையைப் பாட வாய்ப்பான கன இராகங்கள் ஐந்தில் இதுவும் ஒன்று. நாட்டை, கௌளை, வராளி, ஸ்ரீ மற்ற நான்கு. தியாகராஜரின் பஞ்சரத்தினங்களில் மூன்றாவது ஆரபியில் அமைந்திருப்பது தெரிந்ததே.

தேவகாந்தாரியில் அதே ரிஷபமும் காந்தாரமும் மெதுவாக அசைந்து நீளும். இறங்கும்போது காந்தாரத்தில் நின்று, அசைத்து, அப்புறம்தான் ரிஷபத்துக்கு வரும். மெதுவான விளம்ப காலம் அதற்கு உரிய நடை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் "எந்நேரமும் உன் சந்நிதியிலே" பாட்டைக் கேட்டவர்களுக்கு இந்த நிற்றல் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும்.

பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரத்துக்கு ஏறும் பாதை ஒன்றுதான். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று விறுவிறென ஏறுபவரும், மான்களைப் பார்த்து நின்று நின்று ஏறுபவரும் அதே பாதையில்தான் போகிறார்கள். ஆரபியும் தேவகாந்தாரியும் அப்படித்தான் பிரிகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: தேவகாந்தாரியை வேகமாகப் பாடினால் அது ஆரபியாகிவிடாது. காந்தாரத்தின் அசைவு வேகத்திலும் இருக்கும். வேகத்தை ஒரு அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தர்பாரும் நாயகியும் இதே இனம். இரண்டும் கரஹரப்பிரியா மேளம். எழுதிப் பார்த்தால் சிறு வளைவுகள் தவிர அவரோகணம் ஒன்றே போலத் தெரியும். தர்பாரில் காந்தாரம் வீட்டுக்காரர்: "கா கா ரி ஸ" என்று இரட்டித்து, அசைத்து, அழுத்திச் சொல்லும்; மேலே "நீ நீ த ப" என்று நிஷாதத்திலும் அதே அழுத்தம். நாயகியில் காந்தாரம் ரிஷபத்துக்குள் பதுங்கிக்கொள்ள, நீண்டு நிற்பது ரிஷபம். எது நீள்கிறது என்று பார்த்தாலே போதும். சுரம் எண்ணத் தேவையில்லை.

ஆதார சுருதி காதில் இல்லாவிட்டால்

மோகனத்தையும் மத்தியமாவதியையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சுரத்தைப் பார்த்தால் இவை நெருங்கியவையே அல்ல. மோகனத்துக்கு ஸ ரி க ப த. மத்தியமாவதிக்கு ஸ ரி ம ப நி. ஆனாலும் குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் மோகனத்தின் ஐந்து வெள்ளைக் கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஐந்தையும் வைத்துக்கொண்டு ஸட்ஜமத்தை மட்டும் இடம் மாற்றினால்:

ரிஷபத்தை ஸட்ஜமமாகக் கொண்டால் மத்தியமாவதி.
காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளம்.
பஞ்சமத்தைக் கொண்டால் சுத்தசாவேரி.
தைவதத்தைக் கொண்டால் சுத்ததன்யாசி.

இதற்குக் கிரகபேதம் என்று பெயர். திருகோணமலைக்கு இந்தக் கருத்து புதிதில்லை. இங்கே இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த சுவாமி விபுலானந்தர் 1947 இல் வெளிவந்த தம்முடைய யாழ் நூலில் ஆராய்ந்த பழந்தமிழ்ப் பாலைத் திரிபும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: குரல் (ஸ) இருந்த இடத்தில் துத்தத்தை (ரி), கைக்கிளையை (க) என்று ஒவ்வொன்றாக வைத்துப் புதிய பாலை, அதாவது புதிய சுர வரிசை, பெறுவது.

திரைப்பாட்டில் பெரும்பாலும் தம்புரா ஓடாது. பின்னணியில் வேறு வாத்தியங்கள் ஸட்ஜமத்தை மறைத்துவிடும். அப்போது மூளை தனக்குத் தோன்றிய ஒரு சுரத்தை ஸட்ஜமமாக வைத்துக்கொள்ளும், இராகமும் மாறிவிடும். நெருங்கிய இராகம் என்று நாம் நினைக்கும் பல இராகங்கள் உண்மையில் சுருதி தவறிக் கேட்ட ஒரே இராகம்தான்.

கைபேசிச் செயலியும் ஆர்மோனியமும்

இராகம் சொல்லும் செயலிகள் பல, ஒலியில் எந்தெந்தச் சுரங்கள் வந்தன என்று எண்ணி, அட்டவணையோடு ஒப்பிடும் வழியில் போகின்றன. மேலே சொன்ன முதல் வகைக்கு அது ஓரளவு கைகொடுக்கும். நான்காம் வகையில் கைவிட்டுவிடும். ஆரபி பாடினாலும் தேவகாந்தாரி பாடினாலும் எண்ணிக்கையில் அகப்படுவது அதே சுரக் கூட்டம்.

ஆர்மோனியத்தின் குறை வேறு மாதிரி. கட்டையை அழுத்தினால் சுரம் ஓரிடத்தில் உறைந்து நிற்கும், அசைக்க முடியாது. தோடியின் காந்தாரம் அக்கம்பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே ஊசலாடும் ஒன்று. அதை ஒரு கட்டையில் வைத்துக் காட்டினால் தோடி மறைந்துவிடும். அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971 வரை அப்படியே வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. நம்மூரில் தேவாரத்துக்கும் பஜனைக்கும் ஆர்மோனியம்தான் துணை. சுருதி சேர்க்கவும், பூபாளத்தின் காந்தாரம் எங்கே இருக்கிறது என்று சரிபார்க்கவும் அது நல்ல கருவி. தேவகாந்தாரியை அதில் கற்க முயல்வது நேர விரயம். நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடியும் மூச்சை மாற்றியும் சுரத்தை வளைக்க முடிவதால், இந்த நுணுக்கங்களைக் கேட்டுப் பழக நல்ல மேளக் கச்சேரி போல் வேறில்லை.

கேட்கும்போது எந்த ஒழுங்கில் பார்ப்பது

1. முதலில் ஸட்ஜமத்தைப் பிடியுங்கள். சுருதிப்பெட்டி ஒலித்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் பாட்டு எந்தச் சுரத்தில் போய் அடங்குகிறது என்று கேளுங்கள்.

2. அடுத்தது காந்தாரம். அது சாதாரணமா, அந்தரமா, அல்லது இல்லவே இல்லையா என்று தெரிந்தால் நினைவில் இருக்கும் இராகங்களில் பெரும்பகுதி விலகிவிடும். அப்புறம் மத்திமம், அதற்குப் பிறகு நிஷாதம்.

3. ஏறும்போது எந்தச் சுரம் விடுபடுகிறது என்று கவனியுங்கள். இறங்கும்போது எல்லாச் சுரமும் வரும் இராகங்கள் நிறைய; ஏறும் பாதையில்தான் வித்தியாசம் வெளிப்படும்.

4. எது நீள்கிறது, எது தொட்டும் தொடாமலும் போகிறது? ஆரபி, தேவகாந்தாரி, தர்பார், நாயகி எல்லாம் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

5. இராகத்தின் தனிப் பிடிகளை உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டோடு ஒட்டிப் பாருங்கள். அனுபவமுள்ள ரசிகர்கள் சுரம் எண்ணுவதே இல்லை. அவர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரீட்சையிலும் போட்டியிலும்

க.பொ.த. கர்நாடக சங்கீதப் பாடத்துக்கும் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்கும் தயார்படுத்தும் பிள்ளைகள் இராக இலட்சணத்தை மனப்பாடம் செய்கிறார்கள்: மேளம், ஆரோகண அவரோகணம், சுர வகை, உருப்படிகள். இதில் ஜீவசுரம் (இராகத்துக்கு உயிர் தரும் சுரம்) என்ற வரியைத்தான் பலர் ஒப்புக்கு எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆரபியையும் தேவகாந்தாரியையும் தாளில் பிரித்துக் காட்டக்கூடிய இடம் அதுவும் சஞ்சாரமும் மட்டுமே. ஆசிரியர்கள் இந்த இரண்டு இராகங்களையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்காமல், ஒன்று தொண்டையில் ஊறிய பிறகு மற்றதைத் தொடங்குவது நல்லது. ஒப்பிட்டுப் படிப்பது காதுக்கு உதவும். பாடப் பழகும்போது குழப்பிவிடும்.

பண்ணிசைப் போட்டிக்கு வேறொரு தேவை இருக்கிறது. புறநீர்மை போன்ற ஒரு பண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இராக மரபு இருக்கும்போது, பதிவுப் படிவத்தில் பதிகத்தின் முதலடியோடும் பண்ணின் பெயரோடும் பாடப்போகும் இராகத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்போது நடுவர், பிள்ளை பூபாளத்தைத் தேர்ந்தது சரியா என்பதை விட்டுவிட்டு, எடுத்த பூபாளத்தின் காந்தாரம் கடைசிவரை இரண்டரைக் கட்டையில் நின்றதா என்பதற்குப் புள்ளி போடலாம்.